பிட்டும் தேங்காய்ப்பூவும்: கல்முனைக் கரையோரப் பாடசாலைகளும் பரிவுக் கல்வியும்

1

கிழக்கிலங்கைத் தமிழ், முஸ்லிம் மக்களின் உறவைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் தவறாது எடுத்தாளப்படும் உவமை ஒன்றுண்டு. ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ இவ்விரு சமூகத்தாரும் வாழ்ந்தனர் என்பதே அது. மேடைப் பேச்சுக்களிலும், விழா மலர்க் கட்டுரைகளிலும், பாடசாலை வைபவங்களின் வரவேற்புரைகளிலும் இவ்வுவமை இடையறாது பயின்று வருகின்றது. பயிற்சி மிகுதியினாலேயே அதன் பொருள் ஆராயப்படாமல் ஏற்றுக்கொள்ளப்பட்டும் விட்டது. வழக்கிலுள்ள உவமைகளைச் சோதித்துப் பார்ப்பது திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாதலின், நாமும் அதிலிருந்தே தொடங்குவோம்.

மூங்கிற் குழலிற் பிட்டவிப்போர் மாவையும் தேங்காய்ப்பூவையும் பிசைந்து ஒன்றாக்கி இடுவதில்லை. ஒரு படை மா, அதன்மேல் ஒரு படை தேங்காய்ப்பூ, மீண்டும் ஒரு படை மா என அடுக்கியே இடுவர். குழல் ஒன்று, ஆவியும் ஒன்று, படைகள் மட்டும் வேறு வேறானவை. உவமையைக் கையாள்வோர் ஒருமையை நினைந்தே அதனைக் கூறுகின்றனர். ஆனால், உவமை அவர்களை அறியாமலே இன்னோர் உண்மையையும் கூறிவிடுகின்றது. அருகருகே இருத்தல் வேறு, கலந்திருத்தல் வேறு என்பதே அவ்வுண்மையாகும்.

கல்முனைக் கரையோர வீதியில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வரும் ஒருவர் இவ்வடுக்கு முறையைக் கண்ணாரக் காணலாம். பெரியநீலாவணை தமிழர் வாழும் ஊர். அதனையடுத்த மருதமுனை முஸ்லிம்களின் ஊர். அப்பாற் பாண்டிருப்பு, கல்முனை. அவற்றின் பின்னர் கல்முனைக்குடி, சாய்ந்தமருது. பின்னர் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. அதனையும் கடந்தால் நிந்தவூர். கரையோரத்தை விட்டு மேற்கே திரும்பிக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் சவளக்கடை. அதனைச் சூழ்ந்த நாவிதன்வெளிப் பிரதேசத்திலும் இதுவே நிலை. சைவத் தமிழ்க் கிராமமான அன்னமலை, திருச்சிலுவைத் திருத்தலத்தாற் பெயர்பெற்ற சொறிக்கல்முனை, முஸ்லிம் குடியிருப்புக்கள், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் எண்களையே பெயராகப் பெற்ற கொலனிகள் ஆகியன ஒன்றன் எல்லையில் மற்றொன்று முடியும் வகையில் அமைந்துள்ளன. மாரிகாலத்தில் வெள்ளம் தாம்போதியை மூடும்போது கல்முனைக்குச் செல்லும் வழி எல்லோருக்கும் ஒருசேரவே தடைப்படுகின்றது.

இக்கிராமங்கள் யாவற்றினதும் தாய்மொழி தமிழ். இங்குள்ள பிள்ளைகள் யாவரும் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சையில் ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ என்னும் ஒரே வினாத்தாளுக்கே விடையெழுதுகின்றனர். எனினும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படிப்பதில்லை. பல்பண்பாட்டுப் பாடசாலைகளில் மாணவரிடையே பரிவையும், அனைவரையும் உட்படுத்தும் மனப்பாங்கையும், கூட்டுவேலைப் பண்பையும் எவ்வாறு வளர்ப்பது என்பது இன்று கல்வியாளர் பலரும் எழுப்பும் வினாவாகும். அவ்வினாவைச் சவளக்கடையில் நின்று எழுப்பினால், அதற்கு முந்திய வினா ஒன்று எதிர்ப்படுகின்றது. பல்பண்பாட்டுச் சமூகம் இங்குண்டு. பல்பண்பாட்டுப் பாடசாலை எங்கேயுள்ளது? இவ்விரு வினாக்களையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பாடசாலைகள் பிரிந்து நிற்பதைச் சமூகப் பகைமையின் விளைவு என எளிதாகக் கூறிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இலங்கையில் நவீன கல்வி மிசனரிமாரின் பாடசாலைகள் வழியாகவே பரவியது. கல்முனையின் உவெஸ்லியும் கார்மேல் பற்றிமாவும் அம்மரபிற் தோன்றியவையே. சமயமாற்ற அச்சம் காரணமாக முஸ்லிம் பெற்றோர், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோர், அப்பாடசாலைகளிலிருந்து நெடுங்காலம் விலகியிருந்தனர். அதன் விளைவான கல்விப் பின்னடைவை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1942இற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய காலத்திலேயே அவர் இப்பகுதி முஸ்லிம்களின் கல்வி முன்னேற்றத்துக்கென அமைப்புமுறையான முயற்சிகளைத் தொடங்கினார். உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதற்கு 1960, 1961ஆம் ஆண்டுகளில் நிறைவேற்றப்பட்ட சட்டங்களும், 1960களின் தொடக்கத்திலும் 1970 முதல் 1977 வரையும் கல்வி அமைச்சராயிருந்த பதியுத்தீன் மஹ்மூதின் கொள்கைகளும், அரசாங்க முஸ்லிம் பாடசாலை என்னும் தனிவகையை நிலைபெறச் செய்தன.

இப்பிரிவினால் முஸ்லிம் சமூகம் பெற்ற நன்மை சிறிதன்று. பெண்பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்தனர். ஆசிரியத் தொழில் ஒரு தலைமுறையினருக்கு வாழ்வளித்தது. மருத்துவரும் பொறியியலாளரும் பல்கலைக்கழக ஆசிரியரும் இக்கரையோரத்திலிருந்து தோன்றினர். எனவே, பிரிந்த பாடசாலைகளை ஒரே நாளில் ஒன்றாக்கிவிட்டால் ஒற்றுமை மலர்ந்துவிடும் என்னும் கருத்தை நாம் ஏற்கவில்லை. எண்ணிக்கையிற் சிறிய சமூகமொன்று அரும்பாடுபட்டுப் பெற்ற நிறுவனத்தை ஒற்றுமையின் பெயரால் விட்டுக்கொடுக்கும்படி கேட்பது பரிவின் அடையாளமன்று. முஸ்லிம் ஊர்களால் சூழப்பட்ட தமிழ்க் கிராமமொன்றின் சிறிய பாடசாலைக்கும் இது பொருந்தும்.

ஆயினும், பிரிவுக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. பாடசாலை வேறாகியதும் ஆண்டின் ஒழுங்கும் வேறாகியது. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறைகள் நோன்புக் காலத்தைத் தழுவி அமைகின்றன; தமிழ்ப் பாடசாலைகளின் தவணைகள் வேறு அட்டவணைப்படி நடைபெறுகின்றன. சமய பாடம் கட்டாயமாதலால், பிற சமயப் பிள்ளையொன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் அதிபருக்கும் அப்பிள்ளைக்குச் சமயம் கற்பிக்க ஆசிரியர் எங்கே என்னும் கேள்வி எழுகின்றது. நிருவாகமும் இதே தடத்திற் செல்கின்றது. கல்முனைக் கல்வி வலயத்துக்குள் கல்முனைத் தமிழ்க் கோட்டம், கல்முனை முஸ்லிம் கோட்டம் என்னும் பெயர்களிலேயே கோட்டங்கள் அமைந்துள்ளன. ஒரே நகரம், ஒரே மொழி, கோட்டங்களோ இரண்டு. இதனைத் தீட்டியவர்களின் எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால், அதன் பயன் யாதெனில், அடுத்த தெருவிலுள்ள பாடசாலையோடு சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்ய விரும்பும் ஆசிரியர் முதலில் ஓர் அலுவலக எல்லையைத் தாண்ட வேண்டியுள்ளது என்பதாகும்.

இதன்மேல் வன்செயலின் சுமையும் ஏறியது. 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் இக்கரையோரத்தில் மூண்ட கலவரமும், 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்களும் வீரமுனையிற் தமிழரும் கொல்லப்பட்டமையும் ஊர்களுக்கிடையேயான போக்குவரவை அறுத்தன. தமிழாசிரியர் முஸ்லிம் பாடசாலையிலும் முஸ்லிம் ஆசிரியர் தமிழ்ப் பாடசாலையிலும் பணியாற்றும் வழமை சுருங்கியது. அவ்வழமையை நேரிற் கண்டறியாத பிள்ளைகளே இன்று பெற்றோராகியுள்ளனர்.

3

இவ்வாறு பிரிந்து வளர்ந்த தலைமுறையிடம் பரிவை வளர்ப்பதற்குக் கல்வியுலகம் எதனைச் செய்துள்ளது? முதன்மையாக இரண்டு வழிகளைக் காண்கின்றோம். ஒன்று பாடநூல், மற்றையது விழா.

பாடநூலைப் பற்றிய விமர்சனம் புதியதன்று. 1980களில் றெஜி சிறிவர்தன, கா. இந்திரபாலா முதலியோர் இலங்கைப் பாடநூல்களை இனவுறவு நோக்கில் ஆராய்ந்தனர். சிங்கள வாசிப்பு நூல்கள் சிங்கள பௌத்த உலகொன்றையும், தமிழ் வாசிப்பு நூல்கள் பெரிதும் தமிழ்ச் சைவ உலகொன்றையும் காட்டி, இந்நாட்டில் ஏனையோரும் வாழ்கின்றனர் என்பதையே பிள்ளைகளுக்கு மறைத்தன என்பது அத்தகைய ஆய்வுகள் தந்த தெளிவாகும். பின்வந்த சீர்திருத்தங்களும், கல்வி அமைச்சு 2008இல் வெளியிட்ட சமூக ஒருங்கிணைப்புக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையும் இக்குறையைப் போக்க முயன்றன. பல்வகைப் பெயர்களையும் பண்டிகைகளையும் பாடங்களிற் சேர்ப்பது தேவையான முதற்படி என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெயரைச் சேர்ப்பது உறவைச் சேர்ப்பதாகாது. ஒரு பாடத்திற் பொங்கலும் மற்றொரு பாடத்தில் நோன்புப் பெருநாளும் வருமாயின், அங்கும் நாம் காண்பது படைப்படையாக அடுக்கிய பிட்டையே. பொங்கலுக்கு வேண்டிய நெல் யாருடைய வயலில் விளைந்தது, யார் வெட்டினார், யார் வாங்கி விற்றார் என்னும் வினாக்கள் எழும் பாடத்திலேதான் இரு சமூகத்தாரும் ஒரே கதைக்குள் வருவர்.

மேலும், தேசிய மட்டத்தில் நல்லிணக்கம் பற்றிய சிந்தனை பெரும்பாலும் சிங்களம், தமிழ் என்னும் மொழிப் பிரிவையே மையமாகக் கொண்டுள்ளது. இரண்டாம் மொழியைக் கற்றல் அதன் தலையாய பரிகாரம். அம்பாறை மாவட்டத்தின் சிங்களப் பிள்ளைகளோடு உறவாட அது இன்றியமையாதது. ஆனால், சவளக்கடையிலும் கல்முனையிலும் தமிழ்ப் பிள்ளையையும் முஸ்லிம் பிள்ளையையும் பிரிப்பது மொழியன்று. வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என ஒருவரும், அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என மற்றவரும் அழைக்கும் வேறுபாடு ஒரே மொழியின் செல்வமாகுமேயன்றித் தடையாகாது. மொழி ஒன்றாயிருந்தும் உள்ளம் அணுகவில்லையென்றால், பரிகாரத்தை வேறிடத்திலேயே தேடவேண்டும்.

இனி விழாவை நோக்குவோம். நல்லிணக்க நாளென்று ஒரு நாளை வகுத்து, மும்மதப் பெரியாரை மேடையிலமர்த்தி, பிள்ளைகளுக்கு அவரவர் பண்பாட்டு உடைகளை அணிவித்து, கோலாட்டத்தையும் பொல்லடியையும் அடுத்தடுத்து ஆடவைக்கும் நிகழ்ச்சிகளின் அமைப்பை நாம் நன்கறிவோம். இவற்றை நடத்துவோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும், அமைப்பு முறையை நோக்கின், ஒவ்வொரு பிள்ளையும் அங்கு தன் சமூகத்தின் சின்னமாகவே நிறுத்தப்படுகின்றது. அப்பிள்ளை கணிதத்திற் கெட்டியா, பந்தெறிவதிற் சமர்த்தா, தந்தை கடலுக்குப் போகிறாரா, வயலுக்குப் போகிறாரா என்பவை எவருக்கும் தெரியவருவதில்லை. சின்னத்துக்குக் கைதட்டலாம், சின்னத்தோடு சிநேகம் கொள்ள முடியாது.

தமிழ், முஸ்லிம் மாணவர் உண்மையாகவே சந்திக்கும் களம் ஒன்றுண்டெனின், அது தமிழ்மொழித் தினப் போட்டியாகும். பாடசாலை மட்டத்திற் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனச் செல்லும் இப்போட்டியிற் கவிதையும் பேச்சும் நாடகமும் இடம்பெறுகின்றன. தமிழ் யாருடைய மொழி என்னும் வினாவுக்கு மேடையிலேயே விடைதரும் அரிய நிகழ்ச்சி இது. ஆயினும், கோட்டங்களே சமூக அடிப்படையிற் பிரிந்துள்ள கல்முனையில் இரு சாராரும் முதன்முதற் சந்திப்பது வலய மட்டத்திலேதான். அதுவும் எதிரணிகளாகவே சந்திக்கின்றனர். ஒருவரது வெற்றி மற்றவரது தோல்வியாகும் ஏற்பாட்டிற் திறமை வளரலாம். பரிவு வளருமென எதிர்பார்ப்பதற்கில்லை.

இப்போட்டி மனப்பான்மைக்குப் பொருளாதார அடிப்படை ஒன்றுண்டு என்பதையும் மறத்தலாகாது. பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளுக்கான அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமையடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்குமென ஒதுக்கப்படுகின்றன. ஆகவே, அம்பாறை மாவட்டத்து மருத்துவ, பொறியியல் இடங்கள் சிலவற்றுக்காகத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் தம்முட் போட்டியிடுகின்றனர். இடப் பற்றாக்குறையை உண்டாக்கியது அரசின் கல்வி முதலீட்டுக் குறைவு. ஆனால், பெற்றோரின் கண்ணுக்கு அக்குறைவு புலப்படுவதில்லை. அயலூர்ப் பிள்ளையே புலப்படுகின்றது. இதனைக் கருத்திற் கொள்ளாத எந்தப் பரிவுக் கல்வியும் வெறும் உபதேசமாகவே முடியும்.

4

சமூக உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலொன்றில், வேறுபட்ட குழுவினர் சந்திப்பதனால் மட்டும் தப்பெண்ணம் நீங்கிவிடாது என வாதிட்டார். சந்திப்போர் சமநிலையில் இருத்தல், பொதுவான குறிக்கோள் ஒன்றைக் கொண்டிருத்தல், அதனை அடையக் கூடியுழைத்தல், அதிகாரத்திலுள்ளோரின் ஆதரவைப் பெற்றிருத்தல் ஆகிய நான்கு நிலைமைகளை அவர் வற்புறுத்தினார். இவ்வளவுகோலை எமது கரையோரத்தின் வரலாற்றுக்குப் பொருத்திப் பார்த்தல் பயனுடையது.

பழைய உறவின் உண்மையான களம் வயல். போடியாரும் முல்லைக்காரரும் கூலியாட்களும் பல வட்டைகளில் இரு சமூகத்தினராகவும் இருந்தனர். களவெட்டியில் வழங்கிய தனிச்சொற்களை இரு சாராரும் அறிந்திருந்தனர். தாய்வழிக் குடிமுறையும், மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கமும் இரு சமூகத்துக்கும் பொதுவாயிருந்ததை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்று ஆய்வுகளின் வழியே விரிவாகக் காட்டியுள்ளார். நாட்டார் கவியும் இரு சாராரிடத்தும் வழங்கியது. இங்கு கூட்டுழைப்பு இருந்தது. பொதுக் குறிக்கோளும் ஓரளவுக்கு இருந்தது. இல்லாதது சமநிலை. நிலமுடையோனுக்கும் நிலமற்றோனுக்கும் இடையிலான உறவு எவ்வளவு இனிமையாக வருணிக்கப்பட்டாலும் சமமான உறவாகாது. அதனாலேயே அரசியற் புயல் வீசியபோது அவ்வுறவு தாக்குப் பிடிக்கவில்லை. பிட்டையும் தேங்காய்ப்பூவையும் பாடி இறந்தகாலத்துக்கு ஏங்குவோர் காணத் தவறுவது இதனையே.

ஆனால், சமநிலையும் கூட்டுழைப்பும் ஒருங்கே அமைந்த வேறொரு களமும் இதே மண்ணில் இருந்தது. 1960களிற் கல்முனைப் பகுதியில் உருவாகிய இலக்கிய வட்டத்தையே நாம் கருதுகின்றோம். பெரியநீலாவணையின் நீலாவணன், கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையின் மருதூர்க்கொத்தன் ஆகியோர் அவ்வட்டத்தைச் சேர்ந்தோருட் சிலர். மேலே நாம் எண்ணிய கரையோர ஊர்களின் வரிசையை இப்பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், படைகளுக்குக் குறுக்காக ஓர் இழை ஓடியமை புலப்படும். நால்வரும் ஆசிரியத் தொழிலிலிருந்தவர்கள் என்பது கல்வியாளர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி. நீலாவணன் முன்னின்று நடத்திய எழுத்தாளர் சங்கத்தில் அவர்கள் கூடியது நல்லிணக்கத்தைப் போற்றுவதற்காகவன்று. கவிதை எழுதுவதற்கும், எழுதியதைப் படித்துக் குறைகூறுவதற்கும், இதழ் நடத்துவதற்குமே கூடினர். நீலாவணன் ‘பாடும் மீன்’ இதழை நடத்தினார். நுஃமான் 1969, 1970ஆம் ஆண்டுகளிற் ‘கவிஞன்’ இதழைக் கொண்டுவந்தார். கல்முனையில் இயங்கிய வாசகர் சங்கம், யாழ்ப்பாணத்து அளவெட்டியிற் பிறந்த மஹாகவியின் ஆக்கங்களை நூலாக்கவும் முன்வந்தது.

இவ்வட்டத்தின் சிறப்பு, ஒருவர் எழுத்தை மற்றவர் கண்டிக்க முடிந்தது என்பதாகும். கண்டித்தல் சமமானவர்களுக்கே உரியது. விருந்தினரை எவரும் கண்டிப்பதில்லை. நல்லிணக்க மேடைகளில் நாம் ஒருவரையொருவர் விருந்தினராகவே நடத்துகின்றோம். ஒரு கவிதையின் யாப்பைப் பற்றி முரண்பட்டு, மறுநாள் அதே இதழுக்கு மெய்ப்புத் திருத்த ஒன்றாக அமர்வோரிடையே தோன்றும் உறவு வேறுவகையானது.

அவ்வுறவின் விளைவை ஆக்கங்களிலேயே காணலாம். நீலாவணனின் மறைவின் பின்னர் 1982இல் நூலாக வெளிவந்த ‘வேளாண்மை’, இப்பகுதியின் வயல்வாழ்வை அதன் பேச்சுவழக்கோடு பதிவுசெய்தது. அதன் சொற்களை விளங்கிக்கொள்ளச் சவளக்கடை வயல்களிற் பாடுபட்ட ஒரு முஸ்லிம் முதியவருக்கு அகராதி தேவைப்படாது. கொழும்பிற் பிறந்த தமிழருக்குத் தேவைப்படும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’ இன்னொரு சான்று. முஸ்லிம் ஊரொன்றிற் பிறந்த கவிஞர், தமிழரின் பேரிழப்பை, சிங்கள மக்களின் வணக்கத்துக்குரிய புத்தர் கொல்லப்படும் கனவாக வடிக்கின்றார். எரித்தோரின் சமயத்தை இழிவுசெய்யாமல், அச்சமயத்தின் தலைவரே இக்கொடுமையின் முதற்பலி என்று காட்டுவதில் அக்கவிதையின் அறம் தங்கியுள்ளது. மூன்று சமூகத்தாரும் ஒரு கவிதைக்குள் வருகின்றனர். எவரும் அங்கு சின்னமாக நிற்கவில்லை. பரிவைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே பரிவைக் கற்பிக்கும் ஆக்கம் அது. இத்தகைய பார்வை தனிமனித நற்குணத்தினால் மட்டும் வாய்ப்பதன்று. பிறருடன் நெடுநாள் கூடிவேலை செய்த பழக்கமும் அதற்குப் பின்னணியாக நிற்கின்றது என்பது எமது கருத்து.

இவ்வட்டத்துக்கும் குறைபாடு இருந்தது. அது நண்பர்களின் வட்டம்; நிறுவனத்தின் துணை அதற்கில்லை. ஓல்போர்ட் கூறிய நான்காவது நிலைமையாகிய அதிகாரத்தின் ஆதரவு அதற்குக் கிட்டவில்லை. ஆசிரியர்கள் கூடினர், அவர்கள் கற்பித்த பாடசாலைகள் கூடவில்லை. ஆகவே, அப்பழக்கம் ஒரு தலைமுறையின் நினைவாக நின்றதேயன்றி அடுத்த தலைமுறையின் வழமையாகவில்லை.

5

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்றே. பரிவு ஒரு பாடமாகப் புகட்டப்படுவதன்று. சமமானவர்கள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போது அதன் உடன்விளைவாகத் தோன்றுவது. ஆதலால், கல்வியாளர் எழுப்பவேண்டிய வினா எந்தப் பாடத்தைச் சேர்ப்பது என்பதன்று. எந்த வேலையைச் சேர்ந்து செய்விப்பது என்பதே.

வெளிநாட்டு அனுபவங்களும் இதனையே உணர்த்துகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரிற் கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டதும் பூசல்கள் எழுந்தன. 1971இல் எலியட் அரன்சனும் அவர்தம் மாணவரும் அங்கு ஒரு முறையைப் புகுத்தினர். ஒரு பாடத்தைப் பல துண்டுகளாக்கிக் குழுவிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்து, அதனை மற்றவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பையும் அப்பிள்ளையிடமே விடுவது அம்முறை. மற்றவனை ஏளனம் செய்பவன் தனக்கு வேண்டிய துண்டை இழக்கின்றான். எனவே, செவிமடுத்தல் அங்கு நற்பண்பாக மட்டுமன்றித் தேவையாகவும் ஆகிவிடுகின்றது. வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகளுக்கான முதலாவது ஒருங்கிணைந்த பாடசாலை 1981இல் பெல்பாஸ்டிற் தொடங்கியது. எனினும், பெரும்பாலான பிள்ளைகள் தத்தம் சமூகப் பாடசாலைகளிலேயே தொடர்ந்து கற்றனர். அதனால் 2016இற் கொண்டுவரப்பட்ட பகிர்வுக் கல்விச் சட்டம், பாடசாலைகள் தம் தனித்தன்மையைப் பேணிக்கொண்டே வகுப்புக்களையும் வளங்களையும் பகிர்வதை ஊக்குவித்தது. சமய வேறுபாட்டோடு வறியோர், வசதியுடையோர் என்னும் வேறுபாட்டையும் அச்சட்டம் கருத்திற் கொண்டது. மாறாக, பொஸ்னியாவில் ஒரே கட்டடத்தில் இரு சமூகத்தாரும் வேறு வேறு வாயில்கள் வழியே புகுந்து வேறு வேறாகக் கற்கும் பாடசாலைகள் தோன்றின. கூரை ஒன்றாவதாற் பயனில்லை என்பதற்கு இது சான்று.

எமது கரையோரத்துக்கு இம்முறைகளை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருதல் வேண்டியதில்லை. இங்குள்ளவற்றிலிருந்தே தொடங்கலாம். தமிழ்மொழித் தினப் போட்டியில், அயலிலுள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையும் ஒரு முஸ்லிம் பாடசாலையும் இணைந்த அணியாகவே பங்குபற்றக்கூடிய நாடகப் பிரிவொன்றை ஏற்படுத்தினால், எதிரணிகள் ஓரணியாகும். நாடகத்தில் உரையாடலை மனனஞ் செய்யாதவனால் மற்றவனும் கெடுகின்றான். ஒத்திகைக்கு வராதவனைத் தேடி வீட்டுக்குச் செல்லவேண்டியுள்ளது. அவ்வாறு வீட்டுக்குச் செல்வதே ஆயிரம் உரைகளின் பயனைத் தரும். ‘வேளாண்மை’யை அடிப்படையாகக் கொண்டு, இரு சமூக மாணவரும் தத்தம் ஊர் முதியோரிடம் வயற்சொற்களையும் களவெட்டிச் சொற்களையும் கேட்டுத் தொகுத்து, ஒரே சொற்றொகுதியாக ஆக்கலாம். இயந்திரங்களின் வருகையால் அச்சொற்கள் வழக்கொழிந்து வருவதால் இதனை விளையாட்டு வேலையெனக் கொள்ளலாகாது. தமிழாய்வுக்கும் அது வேண்டப்படுகின்றது. உயர்தர விஞ்ஞான ஆய்வுகூடங்களையும், தட்டுப்பாடான பாடங்களின் ஆசிரியர்களையும் அயற் பாடசாலைகள் பகிர்ந்துகொண்டால், பல்கலைக்கழக அனுமதியைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் அதனை எதிர்க்க மாட்டார்கள். தம் பிள்ளையின் பெறுபேறு உயர அயலூர்ப் பிள்ளையும் உதவுகின்றது என்னும் அனுபவம் பல நாட் பகையைத் தளர்த்த வல்லது.

இவற்றுக்குச் செலவு பெரிதன்று. தடை நிருவாகத்திலேயே உள்ளது. இரு பாடசாலைகளின் தவணைகள் ஒத்துவரும் வாரங்களை முன்கூட்டியே ஒதுக்குதல், கோட்ட எல்லையைக் கடந்த வேலைக்கு ஆசிரியருக்கு அனுமதியும் நேரமும் அளித்தல், ஆசிரிய கலாசாலைகளிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் பயிலும்போதே மாற்றுச் சமூகப் பாடசாலையிற் கற்பித்தற் பயிற்சி பெறச் செய்தல் ஆகிய மூன்றும் வலய, மாகாண மட்டங்களிலேயே முயன்று செய்யத்தக்கவை. உடை, உணவு, தொழுகை நேரம் ஆகியவற்றில் எவரும் தம் வழக்கத்தைக் கைவிடும்படி கேட்கப்படலாகாது என்பதும் தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். 2018இல் திருகோணமலையில் ஆசிரியைகளின் உடை தொடர்பாக எழுந்த பிணக்கு, இத்தகைய வரையறை முன்னரே இல்லாதவிடத்து ஒரு பாடசாலையின் உள்விவகாரம் இரு சமூகங்களின் மோதலாக உருமாறுவதைக் காட்டியது. ஒரு சாரார் தம் நிறுவனத்தின் மரபு அழிகின்றது என அஞ்சினர். மறுசாரார் தம் சமய அடையாளம் மறுக்கப்படுகின்றது எனக் கருதினர். இரு அச்சங்களும் உண்மையானவை. அவற்றைச் சமமானவர்களாக அமர்ந்து பேசிய பழக்கம் இல்லாமையே பிணக்கின் வேர்.

6

ஒரு தடையைக் கூறாது விடுவது நேர்மையாகாது. பிள்ளைகள் கூடி நாடகம் ஆடுவதால் காணிப் பிணக்குத் தீராது. பிரதேச செயலகப் பிணக்கும் தீராது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது தொடர்பாக 2019இல் நடந்த உண்ணாவிரதமும் எதிர்ப்பும், வளங்களும் அதிகாரமும் பங்கிடப்படும் முறையே சமூக முரண்பாட்டின் அடித்தளம் என்பதை மீண்டும் உணர்த்தின. பொருளியல், அரசியல் முரண்பாடுகளை மனப்பயிற்சியால் நீக்கிவிடலாம் எனக் கூறுவோர் மக்களை ஏமாற்றுகின்றனர். ஆயினும், அம்முரண்பாடுகளைத் தீர்க்க நாளை எதிரெதிரே அமரப்போகின்றவர்கள் இன்று எட்டாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளைகளே. முன்னர் ஒருமுறையேனும் ஒரே வேலையிற் சேர்ந்து உழைத்தவர்கள் அமரும் மேசைக்கும், ஒருவரையொருவர் செய்தித்தாள் வாயிலாக மட்டும் அறிந்தவர்கள் அமரும் மேசைக்கும் வேறுபாடுண்டு.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி இக்கரையோரத்தை அழித்தபோது அது ஊரின் பெயரைக் கேட்டு வரவில்லை. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறையே. அவ்வழிவின்பின் பாடசாலைகள் பல புதிதாகக் கட்டப்பட்டன. கட்டடங்கள் எழுந்தன, பிரிவும் அவற்றோடு மீண்டும் எழுந்தது. அழிவு தந்த நெருக்கம் நிவாரணப் பங்கீட்டோடு முடிந்துபோனமைக்குக் காரணம், அந்நெருக்கத்தைத் தாங்கி நிற்கக்கூடிய அன்றாட வேலை எதுவும் அமைக்கப்படாமையே.

பிட்டு என்னும் உவமையை நாம் கைவிட வேண்டியதில்லை. படைகள் படைகளாகவே இருக்கட்டும். எந்தப் படையும் தன் சுவையை இழக்க வேண்டியதில்லை. ஆனால், அடுக்கி வைப்பதனால் மட்டும் பிட்டு வேகுவதில்லை. அடுப்பை மூட்ட வேண்டும். அதற்கு வேண்டிய விறகு சேர்ந்து செய்யும் வேலையே. நீலாவணனும் நுஃமானும் சிவலிங்கமும் மருதூர்க்கொத்தனும் நிறுவனத்தின் துணையின்றியே செய்து காட்டியதை, அரசின் கல்வி அமைப்பு அதன் வளங்கள் அனைத்தோடும் செய்ய முன்வருமா என்பதே இன்று எம்முன்னுள்ள கேள்வி. கிட்டங்கித் தாம்போதிக்கு இருபுறத்துமுள்ள பாடசாலைகளின் ஆசிரியர்கள் அதற்கான முதல் அடியை எடுத்துவைப்பாராயின், கொள்கை ஆவணங்கள் அவர்களைப் பின்தொடரும் என்பது எமது துணிபு.